பாடிக் கற்கும் வாத்தியம்: ஒரு சிதார் கலைஞர் எப்படி உருவாகிறார்?

உஸ்தாத் விலாயத் கானின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வாசித்துக்கொண்டே இருப்பவர் நடுவில் கையை நிறுத்திவிட்டு, அந்த வரியைத் தன் குரலில் பாடிக் காட்டுவார். பாடி முடித்ததும் அதே வரி, அதே இழைவோடு, மூச்சு வாங்கிய இடத்தில் விட்ட இடைவெளி உட்பட, சிதாரில் வரும். முதல் முறை கேட்டபோது இதை மேடைக்கான ஒரு சுவாரசியம் என்றுதான் நினைத்தேன். இந்துஸ்தானி வாத்தியக்காரர்களின் பயிற்சியைப் பற்றித் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது, அவர் தான் கற்ற வழியையே நமக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார் என்று.

சிதார் பயிற்சி என்றால் விடியற்காலை நான்கு மணி, பதினைந்து மணி நேர சாதகம், வெடித்துக் காய்த்துப்போன விரல்கள் என்று ஒரு சித்திரம் நம் மனதில் இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அத்தனை மணி நேரமும் எதில் செலவாகிறது என்று பார்த்தால், விரலைப் பழக்க ஆகும் காலத்தைவிடக் காதைப் பழக்க ஆகும் காலம் அதிகம். இதற்கான காரணம் வாத்தியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

வீணையைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வீணையில் 24 மெட்டுகள், மெழுகில் பதிக்கப்பட்டு அசையாமல் நிற்கும். சிதாரில் பொதுவாக 19 அல்லது 20 மெட்டுகள்தான். அவையும் தண்டியோடு நூலால் கட்டப்பட்டவை. ராகத்துக்கு ஏற்ப ரிஷப, தைவத மெட்டுகளைக் கொஞ்சம் மேலே கீழே தள்ளிக்கொள்வார்கள். மெட்டுகள் வளைந்து, உயர்ந்து நிற்பதால், தந்தியை அதே மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களுக்குப் போகலாம். நல்ல வாத்தியத்தில், நல்ல கையில், ஒரே மெட்டிலிருந்து ஐந்து ஸ்வரம் வரை இழுக்க முடியும். இந்த இழுப்புக்கு மீண்ட் என்று பெயர். சிதாரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சரி, இழுக்கும்போது எங்கே நிறுத்துவது? சட்ஜ மெட்டில் விரலை வைத்துக் காந்தாரத்துக்கு இழுக்கிறோம் என்றால், காந்தாரம் வந்துவிட்டது என்று சொல்ல அங்கே மெட்டு எதுவும் கிடையாது. ஒரு நூலிழை குறைந்தால் சுருதி குறைவு, கூடினால் அதிகம். அதுவும் யமன் ராகத்தின் காந்தாரம் நிற்கும் விதம் வேறு, தர்பாரியின் காந்தாரம் மெல்ல ஆடி இறங்கும் விதம் வேறு. இதை விரல் தானாகக் கண்டுபிடிக்காது. மனதுக்குள் அந்த ஸ்வரம் முன்பே ஒலித்திருக்க வேண்டும். அப்படி ஒலிக்கச் செய்ய மனிதர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, முதலில் தொண்டையில் பாடிப் பார்ப்பது. அதனால்தான் பெரிய வாத்தியக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டையும் தபலாவையும் முதலில் சொல்லித்தந்தன. இன்று வாசித்துக்கொண்டிருக்கும் ஷாஹித் பர்வேஸ், சிதார் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் தந்தை அஜீஸ் கான் பாட்டும் தபலாவும் கற்பித்த பிறகே சிதாரைக் கையில் கொடுத்தார்.

முதல் பாடங்கள்

முதல் பாடம் உட்காருவது. சிதாரின் குடம் இடது பாதத்தில் தாங்கி நிற்கும், வலது கால் அதற்கு மேலே மடங்கும், தண்டி சாய்வாக நிற்கும். வாத்தியத்தின் பாரத்தை இடது கை சுமக்கக் கூடாது. சுமந்தால் அது மெட்டுகளின் மேல் ஓட முடியாது. பழக்கமில்லாதவருக்கு இப்படி ஒரு மணி நேரம் உட்காருவதே பெரிய பயிற்சிதான்.

வலது கை ஆட்காட்டி விரலில் மாட்டிக்கொள்ளும் கம்பி வளையத்துக்கு மிஸ்ராப் என்று பெயர். உள்நோக்கி மீட்டினால் ‘தா’, வெளிநோக்கி மீட்டினால் ‘ரா’, இரண்டையும் சேர்த்து வேகமாக மீட்டினால் ‘திரி’. சிதாரின் மொழி முழுவதும் இந்தச் சில சொற்களில் அடங்கிவிடும். இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. எஃகுத் தந்தி அழுத்தி அழுத்தி அந்த இரண்டு விரல் நுனிகளிலும் கோடு விழுந்து, தோல் காய்த்துவிடும். காய்ப்பு சரியாக விழும்வரை மீண்ட் இழுப்பது வேதனையான காரியம்.

அப்புறம் பல்டா. நம் சரளி வரிசை, ஜண்டை வரிசை போன்ற ஸ்வரக் கோவைகள். ச ரி க, ரி க ம, க ம ப என்று தொடங்கி நூற்றுக்கணக்கான வடிவங்களுக்கு விரியும். ஒவ்வொன்றையும் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில், பிறகு நான்கு மடங்கு வேகத்தில் வாசிக்க வேண்டும். இது மாதக்கணக்கில் நடக்கும். கேட்பவருக்கு அலுப்பாக இருக்கலாம். வாசிப்பவருக்கோ இரண்டு கைகளும் ஒரே நொடியில் சேர்ந்து விழப் பழகும் காலம் இது.

ராகம் என்று வரும்போது வேகம் மேலும் குறைகிறது. ஒரே ராகத்தில் மாணவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த ஆசிரியர்கள் உண்டு. யமன், அதாவது நம் கல்யாணிக்கு நெருங்கியது, அல்லது மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள் கொண்ட பைரவ். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாப்பில் தொடங்கி, துடிப்பு சேரும் ஜோட், பிறகு ஓரத்துச் சிகாரித் தந்திகள் கலகலக்கும் ஜாலா என்று போகும் வாசிப்பை, எழுதிவைத்து யாரும் கற்பதில்லை. ஆசிரியர் ஒரு வாக்கியம் பாடுவார் அல்லது வாசிப்பார். மாணவர் திருப்பிச் சொல்வார். சரியில்லை என்றால் மறுபடியும். அந்த ‘மறுபடியும்’ ஒரே இடத்தில் இருபது முறை வரலாம். எது சரியில்லை என்று ஆசிரியர் விளக்க மாட்டார். இருபத்தோராவது முறை மாணவரின் காதே அதைப் பிடித்துவிடும். பாடத்திட்டத்தில் எழுத முடியாத இந்தப் பரிமாற்றத்துக்குத்தான் தாலீம் என்று பெயர். தாலீமில் வாங்கியதைத் தனியே உட்கார்ந்து உருவேற்றுவது ரியாஸ். நாற்பது நாள் வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு சாதகம் செய்யும் சில்லா என்ற கடும் விரதமும் உண்டு.

தாளத்தோடு வரும் பகுதிக்கு கத் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டு டெல்லியில் வாழ்ந்த மஸீத் கான் அமைத்த மஸீத்கானி கத், இன்றும் ஒவ்வொரு மாணவரும் முதலில் கற்கும் வடிவங்களில் ஒன்று. ‘திரி தா திரி தா ரா, தா தா ரா’ என்பது அதன் மீட்டு. எட்டு மாத்திரை. இரண்டு முறை சொன்னால் தீன்தால் என்ற தாளத்தின் 16 மாத்திரை நிறைந்துவிடும். இதில் அழகு என்னவென்றால், பாட்டு முதல் மாத்திரையில் தொடங்காது. 12ஆவது மாத்திரையில் எடுத்து, ஐந்து மாத்திரை நடந்து, ஆறாவது மீட்டாகிய ‘தா’வில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் மாத்திரையில், வந்து இறங்கும். விளம்ப காலத்தில் இதைத் தபலாவின் துணையோடு உள்ளுக்குள் எண்ணிப் பழகிய மாணவருக்குத் தாளம் எண்ணிக்கையாக இருப்பது நின்று, நடந்து போகும் தெருவைப் போல் தெரிந்ததாகிவிடும். துரித காலத்துக்கு லக்னோவிலிருந்து வந்த ரஸாகானி கத்.

வாரிசுகளுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று

அமீர் குஸ்ரோதான் சிதாரைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவார்கள். ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அந்தக் கவிஞருக்கும் சிதாருக்கும் தொடர்பு காட்டும் சான்று இல்லை. 18ஆம் நூற்றாண்டு டெல்லியில் வாழ்ந்த குஸ்ரோ கான் என்ற இசைக்கலைஞரோடு பெயர் குழம்பியதால் வந்த கதை இது.

சிதார் வளர்ந்த காலத்தில் அரசவைகளில் மதிப்பு மிக்க வாத்தியம் பீன் எனப்படும் ருத்ர வீணை. தான்சேனின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட சேனியா குடும்பத்தினர் அந்தக் கலையைக் கட்டிக் காத்தார்கள். மகனுக்குப் பீன். வெளியிலிருந்து வந்த சீடனுக்குச் சிதார், அல்லது சிதாரைப் பெரிதாக்கி ஆழமான ஒலிக்காகச் செய்த சுர்பஹார். சீடர்களிலும் படிகள் இருந்தன. சொந்தப் பிள்ளைக்குச் சொல்லும் பொருள் வேறு, நெருங்கிய சீடனுக்குச் சொல்வது வேறு, மற்றவர்களுக்குச் சொல்வது வேறு. அரிய உருப்படிகளை மகளின் சீதனத்தோடு சேர்த்து மருமகனுக்குக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. இசை அவர்களுக்குச் சோறு போடும் நிலம் போல. நிலத்தை யாருக்குப் பங்கிடுவது என்ற கணக்கு அதில் இருந்தது. இதனால் எத்தனையோ நல்ல காதுகளுக்குக் கதவு மூடியே இருந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

கதவைத் தாண்டியவர்கள் ஒரு சடங்கின் வழியே உள்ளே போனார்கள். கந்தா பந்தன் என்று பெயர். குரு மாணவரின் மணிக்கட்டில் நூல் கட்டுவார். இனிப்பு, காணிக்கை, பெரியவர்கள் முன்னிலை எல்லாம் உண்டு. அன்றிலிருந்து அந்த மாணவர் அந்தக் கரானாவின், அதாவது இசைப் பரம்பரையின், ஆள். குருவின் வீட்டுக் காய்கறி வாங்குவது முதல் மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுவது வரை எல்லாமே பயிற்சிதான். தம்பூராவோடு மேடையில் உட்காரும் அந்த மணி நேரங்களை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு ராகத்தை எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் ஒரு ஸ்வரத்திலேயே தங்கலாம், கூட்டம் அசையத் தொடங்கும்போது என்ன செய்வது என்பதெல்லாம் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மைஹர் வீடு

இந்தச் சங்கிலியை உள்ளிருந்தே தளர்த்தியவர் உஸ்தாத் அலாவுதீன் கான். இன்றைய வங்கதேசத்தின் பிராமன்பாரியா பகுதியில் ஷிப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். இசைக்காகச் சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடி, கல்கத்தாவில் நுலோ கோபால் என்ற பாடகரிடம் ஆண்டுக்கணக்கில் ஸ்வரப் பயிற்சி மட்டுமே பெற்றார். பின்னர் ராம்பூர் சமஸ்தானத்தில் பீன் மேதையாக இருந்த வஜீர் கானிடம் சேர முயன்றார். வாசலில் விடவில்லை. நவாபின் வண்டிக்கு முன்னால் விழுந்து முறையிட்டார் என்பது இசைக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லும் கதை. சீடனாக ஏற்ற பிறகும் நெடுங்காலம் வஜீர் கான் பெரிதாக எதையும் சொல்லித்தரவில்லை என்பார்கள்.

அப்படிப் பட்டினி கிடந்து கற்றவர், தான் ஆசிரியரானபோது நேர் எதிராக நடந்துகொண்டார். மத்தியப் பிரதேசத்தின் மைஹர் சமஸ்தானத்தில் மகாராஜா பிரிஜ்நாத் சிங்கின் குருவாக அமர்ந்தவர், தன் வீட்டுக்கு வந்த சீடர்களுக்குக் கையிலிருந்ததை அள்ளிக் கொடுத்தார். மகன் அலி அக்பர் கானுக்கு சரோட் என்ற தந்தி வாத்தியம், ரவிசங்கருக்கு சிதார், பன்னாலால் கோஷுக்குப் புல்லாங்குழல். ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து மைஹர் பேண்ட் என்று ஒரு வாத்தியக் குழுவையே அமைத்தார். சரோட்காரரான அவர் சிதாரையும் புல்லாங்குழலையும் எப்படிக் கற்பிக்க முடிந்தது? பாடித்தான். துருபத் என்ற பழைய இந்துஸ்தானி பாட்டு வகையில் ஒரு வரியைப் பாடுவார், சீடர் தன் வாத்தியத்தில் அதைத் தேடி எடுக்க வேண்டும். பாட்டு வடிவில் வந்த பாடம் எந்த வாத்தியத்துக்கும் பொருந்தியது.

ரவிசங்கர் அங்கே போய்ச் சேர்ந்தது 1938இல். பத்து வயதிலிருந்து அண்ணன் உதய் சங்கரின் நடனக் குழுவோடு பாரிஸில் வளர்ந்தவர். நல்ல உடை, ஓட்டல் வாழ்க்கை, கைதட்டல் எல்லாம் பழகிப்போன பதினெட்டு வயது இளைஞர், கயிற்றுக் கட்டிலும் பூச்சி பொட்டும் உள்ள ஒரு சிற்றூர் வீட்டில் போய் உட்கார்ந்தார். அலாவுதீன் கானுக்குக் கோபம் அதிகம். அலி அக்பர் கானை மரத்தில் கட்டிவைத்து அடித்தார் என்பார்கள். ரவிசங்கரிடம் மட்டும் அவர் மென்மையாக இருந்தார். ஒரு நாள் பாடம் சரியாக வராதபோது, ‘போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள்’ என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே ரவிசங்கர் மூட்டை கட்டிவிட்டார். அலி அக்பர் கான் தடுத்து நிறுத்தினார், குரு சமாதானமாகி அழைத்துக்கொண்டார். ரவிசங்கரே பின்னாளில் சொன்ன நிகழ்ச்சி இது. அடியைப் பெரிதாகப் பேசி இந்த மரபைப் புகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வீட்டில் இசை வந்தது அடியால் அல்ல. காலையிலிருந்து இரவு வரை ஒரு மேதை தன் காதை இன்னொருவருக்காகத் திறந்து வைத்திருந்ததால் வந்தது.

1947இல் மைஹர் போன நிகில் பானர்ஜியின் கதை இன்னொரு விதம். கல்கத்தாவில் தந்தையிடம் கற்று, சிறு வயதிலேயே போட்டிகளில் வென்று, வானொலியிலும் வாசித்துவிட்டவர். அப்படிப்பட்ட பையன் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். காலை நான்கு மணிக்கு ஆரம்பித்து, சில இடைவெளிகளோடு இரவு பதினொரு மணி வரை சாதகம். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். அதே குரு, அதே வீடு, அதே வாத்தியம். ஆனால் ரவிசங்கரின் சிதாரையும் நிகில் பானர்ஜியின் சிதாரையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ரவிசங்கர் தாளக் கணக்கில் விளையாடுவார், ஒரே கோவையை மூன்று முறை வாசிக்கும் திஹாய் வைத்து சமத்தில் வந்து விழும்போது அரங்கமே நிமிர்ந்து உட்காரும். நிகில் பானர்ஜியிடம் ஒரு நீண்ட தனிமை இருக்கும், பாடகர் அமீர் கானின் நிதானத்தை அவர் மிகவும் நேசித்தார். ஒவ்வொரு சீடரின் இயல்பையும் பார்த்து அலாவுதீன் கான் வெவ்வேறு விதமாகக் கற்பித்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மைஹரில் கற்ற மற்றொருவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பாட வேண்டாம் என்று சொன்ன அம்மா

விலாயத் கானின் குடும்பம் இம்தாத்கானி அல்லது எடாவா கரானா எனப்படுவது. தாத்தா இம்தாத் கான் (1848–1920) சிதாரிலும் சுர்பஹாரிலும் பெரும் சாதகர். தந்தை இனாயத் கான் கௌரிபூர் ஜமீனில் ஆதரவு பெற்றவர். 1928இல் பிறந்த விலாயத், எட்டு வயதிலேயே இசைத்தட்டில் வாசித்தார். 1938இல் தந்தை இறந்துவிட்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் குரு இல்லை.

பிறகு கற்றது துண்டு துண்டாக. சித்தப்பா வாஹித் கானிடம் சிதார், சுர்பஹார். தாய்வழித் தாத்தா பந்தே ஹசன் கானும் மாமா ஜிந்தா ஹுசைன் கானும் பாடகர்கள். சாதகத்தைக் கண்காணித்தது அம்மா பஷீரன் பேகம். பாடகர் குடும்பத்தில் பிறந்து சிதார் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எந்த விரல் எங்கே பிசகுகிறது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லக்கூடிய காது இப்படிப்பட்ட பெண்களுக்கு இருந்தது. ஆனால் எந்த மேடையிலும் அவர்கள் பெயர் இல்லை. விலாயத்துக்குப் பாடகராக வேண்டும் என்று ஆசை. அம்மா தடுத்துவிட்டார். உன் அப்பா வீட்டுச் சொத்து சிதார், அதை நீ விடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

பாட முடியாமல் போன பாட்டை அவர் சிதாருக்குள் கொண்டுவந்தார். கயால் என்ற இந்துஸ்தானி பாட்டு வகையைப் பாடுபவர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, நடுவில் ஒரு சிறு திருப்பம் கொடுப்பது, மூச்சை இழுத்துப் பிடித்து விடுவது, எல்லாமே ஒரே மீட்டின் நாதம் அடங்குவதற்குள் தந்தியில் வர வேண்டும். இதைத்தான் காயகி அங்கம் என்கிறார்கள். அவ்வளவு நீண்ட இழுப்பைப் பழைய சிதார் தாங்காது. அதனால் வாத்தியத்தையே மாற்றினார். மேல்பலகை, தந்திகள் ஏறி நிற்கும் பாலம், இணைப்புகள் எல்லாம் வலுப்பட்டன. அடிநாதத் தந்திகளை எடுத்துவிட்டுக் காந்தாரத்துக்குச் சுருதி சேர்த்த தந்தி வந்தது. ஜவாரி எனப்படும் பாலத்தின் மேற்பரப்பை இழைத்து ஒலியைத் திரட்சியாக்கினார்கள். தம்பூராவில் நூல் வைத்து ஜீவா பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் நுட்பம் புரியும். கல்கத்தாவின் ஹிரேன் ராய் போன்ற கைவினைஞர்கள் இதற்குத் துணை நின்றார்கள்.

ரவிசங்கர் எதிர்த்திசையில் போனார். மைஹரில் கற்ற துருபத் ஆலாப்புக்கு மந்திர ஸ்தாயியின் ஆழம் தேவைப்பட்டது. அதனால் அவருடைய சிதாரில் சுர்பஹாரின் எல்லைவரை இறங்கும் கனத்த தந்திகள் இருந்தன. அவருக்கு வாத்தியம் செய்து தந்தவர் நோடு மல்லிக். இன்று கடைக்குப் போனால் ‘ரவிசங்கர் மாடலா, விலாயத் கான் மாடலா’ என்றுதான் கேட்பார்கள். யார் எதைக் காதில் வாங்கி வளர்ந்தார்கள் என்பதே மரத்தின் வடிவமாகிவிட்டது. சேனியா வழியில் முஷ்தாக் அலி கானும் அவர் சீடர் தேபு சௌதுரியும் 17 மெட்டுகளோடு பழைய அமைப்பையே போற்றினார்கள். குறைந்த மெட்டு என்றால் மீண்டில் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டும். அதுவும் ஒரு தேர்வுதான்.

நம் பக்கத்துத் தொடர்பையும் இங்கே சொல்லிவிடலாம். கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி, சிம்மேந்திரமத்யமம், மலயமாருதம் போன்ற கர்நாடக ராகங்களை ரவிசங்கர் சிதாருக்கு எடுத்துச் சென்றார். திஹாய்க் கணக்குகளை விரித்துக்கொண்டதிலும் தென்னிந்திய லயத்தின் தாக்கம் தெரிகிறது. அவர் மகள் அனுஷ்காவின் தாயார் சுகன்யா தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பம்பாயின் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானும் கர்நாடக ராகங்களை விரும்பி வாசித்தார்.

சமஸ்தானம் போன பிறகு

1947க்குப் பிறகு சமஸ்தானங்கள் போயின, ஜமீன்கள் போயின. உஸ்தாத்களுக்குச் சம்பளம் தர வானொலி வந்தது. இசைக் கல்லூரிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயாவை 1901இலும், பாத்கண்டே லக்னோவில் தன் கல்லூரியை 1926இலும் தொடங்கினார்கள். நூல், நொட்டேஷன், தேர்வு, சான்றிதழ். யார் வீட்டுப் பிள்ளையும், முக்கியமாகப் பெண்களும், தயக்கமில்லாமல் இசை கற்க இந்தக் கல்லூரிகள்தான் வழி செய்தன. அதற்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஆண்டுக்கு எட்டுப் பத்து ராகம் என்ற வேகத்தில் மேடைக் கலைஞர் உருவாவது அரிது. இன்று பெயர் சொல்லும் சிதார் கலைஞர்களில் அநேகமாக எல்லோரும் கல்லூரிக்கு வெளியே ஒரு குருவின் முன் உட்கார்ந்தவர்கள்தான். இதைப் புரிந்துகொண்டுதான் கல்கத்தாவில் 1970களின் இறுதியில் தொடங்கிய ஐடிசி சங்கீத் ரிசர்ச் அகாடமி, குருக்களுக்கு வீடும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்து ஒரே வளாகத்தில் குடிவைத்தது.

பரம்பரை இசைக்குடும்பம் இல்லாமலும் இது நடக்கலாம். புதாதித்ய முகர்ஜி உலோகப் பொறியியல் படித்தவர். சிதாரை முழுக்கத் தந்தை பிமலேந்து முகர்ஜியிடமே கற்றார். காலையும் மாலையும் கேட்டுத் திருத்த வீட்டில் ஒரு காது இருந்தது, அதுதான் வேண்டும்.

1966இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் கற்க வந்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நிகழ்ச்சி. பாடத்தின் நடுவே தொலைபேசி ஒலிக்க, ஹாரிசன் சிதாரைத் தாண்டிக் காலை வைத்து எழுந்தார். ரவிசங்கர் காலில் ஒரு அடி கொடுத்து, வாத்தியத்துக்கு முதலில் மரியாதை வேண்டும் என்றார். உலகமே கொண்டாடிய இளைஞருக்கும் முதல் பாடம் அதுதான். சில ஆண்டுகளில் ஹாரிசன் சிதாரை விட்டுவிட்டார். இதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும், தான் தாமதமாக வந்துவிட்டேன் என்பதை அவர் மனதார ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புக்கொள்ளலில் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

இப்போது இணையத்தில் சிதார் வகுப்புகள் நிறைய. குருவின் பாடத்தைப் பதிவு செய்து நூறு முறை கேட்கலாம் என்பது பெரிய வசதி, மைஹரில் யாருக்கும் கிடைக்காத வசதி. ஆனால் குருவும் சீடரும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்க இணையத்தின் தாமதம் இன்னும் விடுவதில்லை. குரு பாடும்போதே மெல்லிய குரலில் கூடச் சேர்ந்து பாடி, அவர் சுருதியோடு தன் சுருதி ஒட்டுகிறதா என்று பார்ப்பது அங்கே முடியாது.

மைஹரில் கற்ற அந்த மற்றொருவர் அன்னபூர்ணா தேவி. அலாவுதீன் கானின் இளைய மகள், 1927இல் பிறந்தவர். மூத்த மகளின் புகுந்த வீட்டில் இசையை ஏற்காமல் துன்பப்படுத்தியதால், இவருக்கு இசை கற்பிப்பதில்லை என்று தந்தை முடிவு செய்திருந்தார். அண்ணன் அலி அக்பர் ஒரு நாள் சாதகத்தில் தவறியபோது, சிறுமி ‘அப்பா அப்படிச் சொல்லித்தரவில்லை’ என்று சரியாகப் பாடிக் காட்டினாள். கடைத்தெருவுக்குப் போன தந்தை அதற்குள் திரும்பி வந்து பின்னால் நின்றிருந்தார். அன்றே பாடம் தொடங்கியது. முதலில் துருபத் பாட்டு, பிறகு சிதார், பிறகு சுர்பஹார். 1941இல் ரவிசங்கரை மணந்தார். 1950களுக்குப் பிறகு மேடையை முற்றிலும் விட்டுவிட்டார்.

மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பல பத்தாண்டுகள், கதவடைத்த வாழ்க்கை. ஆனால் சீடர்களுக்குக் கதவு திறந்தது. நிகில் பானர்ஜி வந்தார், புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா வந்தார், சரோட்காரர்கள் வந்தார்கள். சுர்பஹாரை அவர்கள் முன்னால் அவர் எடுத்து வாசித்தது மிக அரிது. சிதார்காரருக்கும் சரி, குழல்காரருக்கும் சரி, 2018 அக்டோபரில் மறையும் காலம்வரை அவர் பாடித்தான் சொல்லித்தந்தார்.